ஐந்து வயதுப் பிள்ளையின் உருவப்படம்: எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, கையில் என்ன கொடுப்பது?

செங்காங்_அத்தை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வருகிற தை மாதம் எழுபது வயது முடிகிறது. அதற்குப் பரிசாக என் அண்ணன் மகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, உயரம் 108 செ.மீ. கேன்வாஸ் 60க்கு 75 செ.மீ., நெட்டுவாக்கில். சமூக மன்றத்தில் நான்கு வருடம் ஓவிய வகுப்புக்குப் போயிருக்கிறேன், முகம் ஓரளவுக்கு வரும், ஆனால் தலை முதல் கால் வரை ஒரு பிள்ளையை வரைவது இதுதான் முதல் தடவை.

எனக்கு முகத்தைப் பற்றிப் பயமில்லை, சுற்றி எதை வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் தாத்தாவின் நாற்காலி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கியது. தேக்கு, இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல், கை வைக்கும் சட்டம் நல்ல அகலம். அம்மாவுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர், அதனால் அது படத்தில் வந்தே ஆக வேண்டும். அண்ணி பட்டுப்பாவாடை கட்டி, பக்கத்தில் குத்துவிளக்கு வைக்கலாம் என்கிறார். அண்ணன் நண்பர் வீட்டிலிருந்து வீணை வாங்கி வருகிறேன் என்கிறார், பிள்ளை வீணை கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளையைக் கேட்டால் பச்சை நிற பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று போதும் என்கிறாள், அதைத் தூங்கும்போதுகூட விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துப் பார்த்தேன். நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. கால் இரண்டும் அந்தரத்தில் தொங்குகிறது, சறுக்கிச் சறுக்கி முன்னால் வருகிறாள், பாவாடை எல்லாம் வயிற்றில் சுருண்டு கிடக்கிறது, விளக்கு ஒரு பக்கம் பளபளவென்று கண்ணை இழுக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது? வேறு நாற்காலி வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தோபாயோ_தூரிகை:

வணக்கம்மா. நான் இருபது வருடமாக உருவப்படம் வரைகிறேன், பாதிக்கு மேல் பிள்ளைகள்தான். போட்டோவில் நாற்காலி மட்டும் தெரிவதற்குக் காரணம் அளவு. சாதாரண சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. உயரம். உங்கள் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே 27, 28 செ.மீ.தான் இருக்கும். ஒரு சாண் அளவுக்குக் கால் தொங்கும், தொடை அழுந்தும், வலிக்கும், அதனால்தான் சறுக்கி முன்னால் வருகிறாள். தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், பெரியவர்களுக்கு உடம்பு ஏழு ஏழரைத் தலை என்றால், ஐந்து வயதில் ஆறு தலைகூட முழுதாக வராது. அப்படிப்பட்ட உடம்பைப் பெரிய மரச்சட்டத்துக்குள் வைத்தால் தலை மட்டும் மேலே மிதக்கிற மாதிரி தெரியும், பார்க்கிறவருக்குப் பொம்மையை எடுத்து வைத்தது போல ஒரு உணர்வு வந்துவிடும்.

இதைத் தெரிந்தே செய்தவர்களும் உண்டு. மேரி கசாட் என்ற அமெரிக்க ஓவியர் 1878ல் நீல நாற்காலியில் ஒரு சிறுமியை வரைந்தார். பிள்ளை பெரிய மெத்தை நாற்காலியில் கை காலைப் பரப்பிக்கொண்டு அலுப்போடு சாய்ந்து கிடப்பாள், எதிர் நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி தூங்கும். அங்கே நாற்காலி பெரிதாக இருப்பதுதான் விஷயமே. பெரியவர்களின் அறையில் பிள்ளைக்கு வேலையில்லை, அவள் அலுத்துப் போயிருக்கிறாள் என்று நாற்காலி சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்தச் சேதி வேண்டாம் இல்லையா. அப்படியானால் மூன்று வழி இருக்கிறது. காலுக்கு அடியில் 15, 18 செ.மீ. உயரத்தில் ஒரு மணைக்கட்டை போடலாம். அல்லது உயரம் குறைந்த முக்காலியில் உட்கார வைக்கலாம். மூன்றாவது, பிள்ளையை நிற்க வைத்து நாற்காலியைப் பக்கத்தில் போடுவது, எனக்குப் பிடித்தது இதுதான்.

ஓவியர் வெலாஸ்கெஸ் 1659ல் ஸ்பெயின் இளவரசன் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோவை அப்படித்தான் வரைந்தார், படம் வியன்னாவில் இருக்கிறது, இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரண்டு வயதுப் பிள்ளை நிற்கிறது, வலது கை ஒரு நாற்காலியின் முதுகில் லேசாகக் கிடக்கிறது, நாற்காலியில் ஒரு சின்ன நாய். அந்த ஒரு நாற்காலி எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். கையை எங்கே வைப்பது என்ற கேள்வி தீர்ந்தது, பிள்ளை எவ்வளவு சின்னது என்று தெரிகிறது, நிற்கவும் ஒரு பிடிமானம் கிடைத்தது. உங்கள் தாத்தா நாற்காலியில் கை வைக்கும் சட்டம் தரையிலிருந்து 65 செ.மீ. பக்கம் இருந்தால், அது ஐந்து வயதுப் பிள்ளையின் முழங்கை உயரத்துக்கு வரும். தானாகவே கையை வைப்பாள், நீங்கள் சொல்லவே வேண்டாம்.

மற்ற பொருட்களைப் பற்றி. குத்துவிளக்கு வேண்டாம் என்பேன். புளி போட்டுத் தேய்த்த பித்தளை, ஜன்னல் வெளிச்சம் முழுவதையும் ஒரு புள்ளியில் திருப்பிக் காட்டும், படத்தில் அதைவிட வெளிச்சமான இடம் வேறு இருக்காது, கண் அங்கேதான் போகும். வைத்தே தீர வேண்டுமானால் நிழல் பக்கம் வையுங்கள், ஒரு மாதம் தேய்க்காமல் விடுங்கள். டைனோசரை உடனே தள்ளிவிடாதீர்கள். அது அவளுடைய பொருள், அதைப் பிடிக்கும்போது விரல்கள் எப்படி மடங்கும் என்று பாருங்கள், பழகிய பொருளைப் பிடிக்கிற கைக்கும் யாரோ கொடுத்ததைப் பிடிக்கிற கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் மறைக்காது. ஆனால் பளிச்சென்ற பச்சையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, தாடைக்கு அடியில் பச்சை எதிரொளி விழுந்து தோல் நிறமே கெட்டுவிடும். இடுப்புக்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

---

தெம்பனிஸ்_அம்மா:

நான் ஓவியர் இல்லை, படம் வரையச் சொல்லிக் காசு கொடுத்தவள். பையனுக்கு நாலு வயதில் ஒருவரிடம் கொடுத்தோம், 900 வெள்ளி. போட்டோ மட்டும் வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை. படம் வந்தபோது பையன் சிங்கக் கால் வைத்த பெரிய சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் மெரூன் திரை, ஒரு பக்கம் ஆளுயரப் பூச்சாடி, இன்னொரு பக்கம் பூமி உருண்டை. எங்களுடையது நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. இதில் ஒரு பொருள்கூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. முகம் அச்சு அசலாக அவன்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவனுக்குப் பதினோரு வயது, வீட்டுக்கு வருகிற நண்பர்களிடம் இது நான்தான், ஆனால் எங்கே என்று தெரியாது என்று சொல்கிறான். கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அந்த நாட்களில் அவன் எந்நேரமும் உட்கார்ந்திருந்தது சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில், காப்பிக்கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே அதே மாதிரி. அதில் வரைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அத்தை, உங்கள் வீட்டில் இருக்கிற பொருளை மட்டும் வையுங்கள், வீணையை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள்.

---

ஓய்வு_வாத்தியார்:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், ஓவியம் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்தவுடன் எனக்குப் பிள்ளைத்தமிழ்தான் நினைவுக்கு வந்தது. குழந்தையைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் பருவம் மாறுகிறது என்பதைப் புலவர்கள் எதை வைத்துக் காட்டுகிறார்கள்? பாதிக்கு மேல் பிள்ளையின் கையும் காலும் என்ன செய்கின்றன என்பதை வைத்துத்தான். சப்பாணியில் கை கொட்டும். அம்புலியில் நிலாவை விளையாடக் கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளை என்றால் கடைசியில் சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும், பெண்பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்கும். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். பறை, தேர், ஊஞ்சல் எல்லாமே சாமான்கள்தான், ஆனால் ஒன்றுகூட அழகுக்காகப் பக்கத்தில் வைத்ததில்லை, பிள்ளை அதை வைத்து ஏதாவது செய்துகொண்டே இருக்கும். வயதுக்குப் பொருந்தாத பொருளை எந்தப் புலவரும் கையில் கொடுக்க மாட்டார். தஞ்சாவூர்ப் படங்களில் பாலகிருஷ்ணனைப் பாருங்கள், பக்கத்தில் பானை இருந்தால் கை வெண்ணெயில் இருக்கும்.

தோபாயோ தம்பி சொன்ன ஸ்பெயின் இளவரசன் படத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் வெள்ளை மேலாடையில் மணியும் தாயத்தும் வரிசையாகத் தொங்குகின்றன, கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியது. நம் பழைய பாட்டுகளில் வருகிற ஐம்படைத்தாலி அதே வேலைதான், சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு என்று திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிறிதாகச் செய்து பிள்ளையின் கழுத்தில் கட்டுவார்கள். அந்த இளவரசன் நோயாளிப் பிள்ளை, 1661ல், நாலு வயது நிறைவதற்கு முன்பே இறந்துவிட்டான் என்று படித்தேன். அதற்கப்புறம் அந்தச் சின்ன மணியை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை. பெற்றவர்களின் பயம் முழுவதும் அதில் தொங்குகிறது. உங்கள் பிள்ளை கையில் கறுப்பு வளையலோ காலில் கொலுசோ போடுகிற வழக்கம் இருந்தால், வரையும்போது அதைக் கழற்றச் சொல்லாதீர்கள் அம்மா.

---

புக்கிட்_பாத்தோக்_கேமரா:

சுருக்கமாக ஒன்று. போட்டோ பார்த்து வரையப்போகிறீர்கள் என்றால், கைத்தொலைபேசியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுக்காதீர்கள். கிட்டத்தில் எடுத்தால் முன்னால் இருக்கிற நாற்காலிக் கை வீங்கியும் பின்னால் இருக்கிற பிள்ளை சுருங்கியும் தெரியும், அப்புறம் தூரிகையில் எவ்வளவு சரிசெய்தாலும் ஒட்டாது. இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் 2எக்ஸில் வைத்து எடுங்கள். தரையில் உட்கார்ந்து, கேமரா அவள் கண் உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் இருக்கைப் பலகை முன்னால் சரிகிற மாதிரி தெரியும்.

விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஒரே ஜன்னல் போதும். கூரை விளக்கும் ஜன்னலும் சேர்ந்தால் நாற்காலிக்கு இரண்டு நிழல் விழும், எதை வரைவது என்றே தெரியாது. ஒரே தடவையில் பத்து நிமிடத்துக்கு மேல் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள், கதை சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

---

செங்காங்_அத்தை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தெம்பனிஸ் அம்மா எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் வீணை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நேற்று காலை ஒன்பதரை மணிக்கு மறுபடி முயற்சி செய்தோம். தாழ்வார விளக்கு உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாற்காலியை ஜன்னலுக்குக் குறுக்காகப் போட்டேன். முதலில் முக்காலி. அம்மா கீரை ஆய உட்காருகிற பழைய மர முக்காலி, உயரம் 26 செ.மீ., பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது, பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தது. ஆனால் அதில் உட்கார்ந்தவுடன் முதுகு வளைந்து மடியிலேயே பார்வை போய்விட்டது. முகம் கிடைக்கவில்லை.

அப்புறம் நிற்க வைத்தோம். தோபாயோ அண்ணன் சொன்னது சரிதான், நான் ஒன்றுமே சொல்லவில்லை, கை நேராகப் போய்ச் சட்டத்தில் படுத்துக்கொண்டது. அளந்து பார்த்தேன், சட்டம் 66 செ.மீ. தாத்தாவின் கை பட்டுப் பட்டு அந்த இடத்தில் பாலிஷ் போய் மரம் வெளுத்திருக்கும், பிள்ளையின் நான்கு விரல் அந்த வெளுத்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. இத்தனை வருடமாக அந்த நாற்காலியைத் துடைக்கிறேன், அந்த இடத்தை நேற்றுதான் பார்த்தேன்.

டைனோசரைக் கையில் வைத்துக்கொள் என்று கொடுத்தால் அவள் வாங்கவில்லை. தாத்தா நாற்காலியில் அதுதான் உட்காரும், எனக்குக் கால் வலிக்காது, அதற்கு வலிக்கும் என்று சொல்லி, இருக்கையில் அதை நிற்க வைத்து, வாலைப் பின்னால் முட்டுக்கொடுத்துவிட்டு, வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளுக்கு அந்த ஸ்பெயின் படத்தை நான் காட்டவே இல்லை.

உடுப்பு பட்டுப்பாவாடைதான், அதில் அண்ணியின் ஆசை நிறைவேறட்டும். கொலுசு உண்டு, கழற்றவில்லை ஐயா. விளக்கு இல்லை. இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, நாற்காலியின் முதுகு 100 செ.மீ. உயரம், அந்த மேல் விளிம்பு சரியாகப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வந்து காதில் குத்துகிற மாதிரி தெரிகிறது. பின்னால் தள்ளினேன், அப்போதும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு, அந்தப் பச்சையை என்ன செய்வது? பாவாடை அரக்குச் சிவப்பு, இரண்டும் சண்டை போடுகின்றன.

---

தோபாயோ_தூரிகை:

படித்தவுடன் மனம் நிறைந்துவிட்டது. அந்த வெளுத்த இடத்தைக் கவனமாக வரையுங்கள், உங்கள் அம்மா முதலில் அதைத்தான் பார்ப்பார்.

நாற்காலி முதுகு பற்றி: கேமராவை அவள் கண் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கண் மட்டத்தில் இருக்கிற எந்த விளிம்பும், பக்கத்தில் இருந்தாலும் பத்தடி தள்ளி இருந்தாலும், அதே கோட்டில்தான் தெரியும். அதனால் பின்னால் தள்ளிப் பயனில்லை. பக்கவாட்டில் நகர்த்துங்கள். தலைக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவே நான்கு விரல் அளவு சுவர் தெரிந்தால் போதும், குத்தாது. அப்படி நகர்த்தும்போது கை சட்டத்தை விட்டுப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்.

பச்சைக்கு: குழாயிலிருந்து வருகிற பச்சையை அப்படியே தொடாதீர்கள். பாவாடைக்குக் கலந்த சிவப்பை அந்தப் பச்சையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், சாம்பல் கலந்த பாசி நிறமாக இறங்கும், அப்போது இரண்டும் சொந்தமாகிவிடும். டைனோசரின் வெளிக்கோட்டைக் கூர்மையாக முடிக்க வேண்டாம், வால் பக்கம் பிரம்பின் நிழலுக்குள் கரையட்டும். பிரம்புப் பின்னலில் ஒவ்வொரு ஓட்டையையும் வரைய உட்காராதீர்கள், வெளிச்சம் படுகிற ஒரு மூலையில் இருபது முப்பது போட்டால் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண் போட்டுக்கொள்ளும். நேரம் கிடைத்தால் ஒருநாள் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய் ஓவியர் சுவா மியா டீ 1959ல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ என்ற படத்தைப் பாருங்கள். கரும்பலகை, வட்ட மேசை, நாற்காலிகள், புத்தகங்கள், இவற்றைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் யார், எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முழுவதும் தெரியும்.

வண்ணம் எடுக்கும் முன் ஒரு காகிதத்தில் நாற்காலியையும் டைனோசரையும் தனித்தனியாக வெட்டி, கரியில் போட்ட பிள்ளை உருவத்தின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். தரையில் பாதத்துக்கு அடியில் விழுகிற நிழலை முதல் நாளே போட்டுவிடுங்கள், அது இல்லாமல் பிள்ளையும் நாற்காலியும் ஒரே தரையில் நிற்க மாட்டார்கள். கரி வரைபடம் முடிந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.